டம்மி டக்குக்கு அப்புறம் வாங்குன மூணு பெல்ட்டு, நீர் கோத்த கதையோட சேர்த்து

முதல்லயே சொல்லிடறேனுங்க, இது டம்மி டக்குக்கு (தொங்கற வயித்து தோல வெட்டி எடுத்து தைக்கற ஆபரேசன்) அப்புறம் வயித்துல கட்டற பெல்ட்டு ரிவ்யூ தான். ஆனா பெல்ட்ட பத்தி மட்டும் எழுதுனா யாருக்கும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா அந்த பெல்ட்டு எதுக்குன்னே தெரியாமதான் நானும் வாங்குனேன், மூணு வாங்கி கிட்டத்தட்ட 4800 ரூபா போச்சு, அதுல ஒண்ணுதான் உருப்படியா உதவுச்சு, அதுவும் 780 ரூபா பெல்ட்டு.

எனக்கு வயசு 38, கோயம்புத்தூர். ரெண்டு பசங்க, ரெண்டும் சிசேரியன். ரெண்டாவதுக்கு அப்புறம் வயிறு உள்ள போகவே இல்ல, நடு மசில் ரெண்டா பிரிஞ்சு நாலு விரல் கேப், கூட தொப்புள்ல சின்னதா ஹெர்னியா. டவுன் பஸ்ல ஒரு அம்மா எந்திரிச்சு சீட்டு குடுத்துட்டு "எத்தன மாசம் கண்ணு"ன்னு கேட்டாங்க, சின்னவனுக்கு அப்ப நாலு வயசு. நான் ஆறு மாசம்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன், வேற என்ன பண்றது. எங்கம்மா இன்னிக்கு வரைக்கும் "அப்பவே பழைய வேட்டிய கிழிச்சு வயித்துல இறுக்கி கட்டுன்னு சொன்னேன், கேட்டியா"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. சரி, போன தை மாசம் ஹெர்னியாவோட சேர்த்து டம்மி டக்கும் பண்ணிக்கிட்டேன். இன்சூரன்ஸ் ஹெர்னியா பங்குக்கு மட்டும் குடுத்தாங்க, மிச்சம் அழகுக்கு பண்றதாம், கைக்காசுதான்.

ஆபரேசனுக்கு முன்னாடி எல்லாரும் வலிய பத்திதான் பயமுறுத்துனாங்க. வலி மூணு நாலு நாள், மாத்திரைல அடங்கிடுச்சு. யாரும் சொல்லாதது இந்த நீர். செரோமான்னு பேரு. டம்மி டக்குக்கு அப்புறம் வர தொந்தரவுலயே அதிகமா வரது இதுதானாம். என்னன்னா, தோலையும் கொழுப்பையும் மசில் மேல இருந்து விலா எலும்பு வரைக்கும் உரிச்சு தூக்கி, அதிகமா இருக்கறத வெட்டிட்டு, மிச்சத்த கீழ இழுத்து தைக்கிறாங்க. அப்ப தோலுக்கும் மசிலுக்கும் நடுவுல ஒட்டாத எடம் ஒண்ணு இருக்கும்ல, போஸ்டர் ஒட்டறப்ப பசை படாத எடம் உப்பிக்கிட்டு நிக்குமே அந்த மாதிரி, அதுல உடம்பே ஒரு மஞ்ச தண்ணிய கொண்டுவந்து ரொப்பிடுது. அத வெளிய எடுக்கத்தான் ட்ரெயின் ட்யூபு. எடம் காலியா கிடக்கக்கூடாதுன்னு இலவம்பஞ்சு மெத்தைக்கு நடு நடுவுல தையல் போடுவாங்கல்ல, அதே மாதிரி உள்பக்கமா தோல மசிலோட சேர்த்து தையல் போடற முறையும் இருக்கு, எனக்கும் கொஞ்சம் போட்டிருந்தாங்க. ஆனா எனக்கு ரெண்டு பக்க இடுப்புலயும் லைப்போவும் (கொழுப்ப உறிஞ்சி எடுக்கறது) சேர்த்து பண்ணதால நீர் ஜாஸ்தியா வரும்னு டாக்டர் முன்னாடியே சொல்லி ரெண்டு ட்ரெயின் வச்சுத்தான் அனுப்புனாரு.

இப்ப மொத பெல்ட்டு. ஆஸ்பத்திரி கீழயே இருக்கற மெடிக்கல்ல டிஸ்சார்ஜ் அன்னிக்கு அவசரத்துல வாங்குனது, 620 ரூபா, மூணு பட்டை வச்ச எலாஸ்டிக் பெல்ட்டு, முன்னாடி வெல்க்ரோ. இத குத்தம் சொல்ல முடியாது, சிசேரியனுக்கு நல்ல பெல்ட்டு. ஆனா உயரம் 9 இஞ்ச்சுதான். எனக்கு விலாவுல ஆரம்பிச்சா தொப்புளுக்கு ரெண்டு விரல் கீழ முடிஞ்சிடுது. நின்னா பரவால்ல, உக்காந்தா கீழ் விளிம்பு சுருண்டு மேல ஏறிக்கிட்டு நடு வயித்துல கயிறு கட்டுன மாதிரி ஒரு கோடு. தண்ணி எங்க போகும், பள்ளத்துக்குத்தான். தையலுக்கு மேல, பெல்ட்டு படாத அந்த கீழ் வயித்துலதான் எல்லாம் வந்து நிக்குது. ரெண்டு வாரம் கழிச்சு செக்கப்புல டாக்டர் பெல்ட்ட அவுத்து அந்த கோட்ட பாத்தவொடனேயே மூஞ்சி மாறிடுச்சு. இன்னொன்னு, வயித்து தோல்ல உணர்ச்சியே இருக்காதுங்க, நரம்பு வெட்டுப்பட்டிருக்கும், மாசக்கணக்கா மரத்துத்தான் கிடக்கும். அதனால பெல்ட்டு விளிம்பு அறுத்தாலும் நமக்கு தெரியாது. எனக்கு ஒரு எடத்துல தோல் கன்னிப்போய் கருப்பா ஆயிருந்துச்சு, பாத்ததே வீட்டுக்காரர்தான். (இதே காரணத்துக்குத்தான் வெந்நீர் பை, ஹீட்டிங் பேட் எதையும் வயித்துல வச்சிடாதீங்க. சுட்டு கொப்புளம் வந்தாலும் தெரியாது.)

மொத பெல்ட்டுக்கு 5க்கு 2. சின்ன உயரத்துக்காரங்களுக்கு 3 குடுக்கலாம்.

ட்ரெயின் பத்தி சொல்லாம அடுத்த பெல்ட்டுக்கு போக முடியாது. எனக்கு வச்சது நம்ம ஊர் ஆஸ்பத்திரிகள்ல நர்ஸுங்க ரோமோவேக்னு சொல்வாங்களே, அமுக்குனா ஆர்மோனியப் பெட்டி மாதிரி மடிஞ்சு, விட்டா மெதுவா விரிஞ்சு உறிஞ்சுமே, அது. ரெண்டு பக்கமும் ரெண்டு. ரெண்டையும் எப்படி தூக்கிக்கிட்டு நடக்கறதுன்னு யோசிச்சு, எங்கத்தை கல்யாண வீட்டுல குடுத்த மஞ்சப்பைல நாடா தச்சு கழுத்துல மாட்டி விட்டாங்க, சூப்பரா இருந்துச்சு. ஆன்லைன்ல ட்ரெயின் பவுச்னு 900 ரூபாய்க்கு விக்கறாங்க, வாங்காதீங்க. ஒண்ணே ஒண்ணு, பை வயித்துக்கு கீழ தொங்கற மாதிரி நாடாவ நீளமா வைங்க.

வீட்டுக்கு வந்து ட்ரெஸ்ஸிங் பண்ற நர்ஸிங் சர்வீஸ் ஒண்ணு புடிச்சோம், ஒரு தடவைக்கு 600. வந்த சிஸ்டர் தங்கமானவங்க, ரெண்டே நாள்ல எங்க வீட்டுக்காரருக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுத்துட்டு "இனி நானெதுக்குங்க சார், நீங்களே பண்ணலாம்"னுட்டாங்க. சர்வீஸ் ஆபீஸ்ல இருந்துதான் போன் மேல போன், பத்து நாள் பேக்கேஜ் எடுத்துக்கோங்க மேடம்னு. சிஸ்டர் சொல்லிக் குடுத்தது இதுதான். கைய சோப்பு போட்டு கழுவிட்டு, மொதல்ல ட்யூப்ல இருக்கற கிளிப்ப மூடணும், அப்புறம் மூடிய தொறந்து தண்ணிய அளவு கப்புல ஊத்தணும், பெல்லோஸ, அதான் அந்த மடியற பெட்டிய, நல்லா அமுக்கி காத்த வெளியேத்தி அமுக்குன கையோடயே மூடிய மூடணும், கடைசியா கிளிப்ப தொறக்கணும். ட்யூப்ல நூல் நூலா ரத்தக்கட்டி அடைச்சிருந்தா ஒரு கையால உடம்புகிட்ட ட்யூப்ப கெட்டியா புடிச்சுக்கிட்டு இன்னொரு கை விரலால கீழ் பக்கமா உருவி விடணும். கெட்டியா புடிக்காம உருவுனா தையலோட இழுத்துக்கும், அப்ப மட்டும் வலி தெரியும் நல்லாவே.

காலைல 7க்கு ஒருக்கா சாயங்காலம் 7க்கு ஒருக்கா, இடது வலது தனித்தனியா, என்ன கலர்னும் சேர்த்து நோட்டுல எழுதணும். பையனோட பழைய ரூல்டு நோட்டு எடுத்துக்கிட்டோம். மொத நாள் ரெண்டும் சேர்ந்து 190 மில்லி, நல்ல செகப்பு. நாலாவது நாள் 110, ரோஸ் கலர். அப்புறம் வைக்கோல் கலர்ல வெளுத்துக்கிட்டே வந்துச்சு, அப்படித்தான் வரணும். வெளுத்தது திரும்ப செகப்பா ஆனாலோ, கலங்கி நாத்தம் அடிச்சாலோ, காய்ச்சல் வந்தாலோ, வயிறு செவந்து சுட்டாலோ, ராத்திரியா இருந்தாலும் போன் பண்ணுங்கன்னு சொல்லிவிட்டிருந்தாங்க. ஒரு ட்ரெயின்ல 24 மணி நேரத்துக்கு 30 மில்லிக்கு கம்மியா, அதுவும் ரெண்டு நாள் தொடர்ச்சியா வந்தாத்தான் உருவுவோம்னாரு டாக்டர்.

ஆறாவது நாள் காலைல வலது பக்கம் அளந்தா 0. சுத்தமா ஒண்ணுமே இல்ல. எங்களுக்கு ஒரே சந்தோசம், இவரு அங்கயே கேசரி கிண்டுங்கம்மான்னு அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டாரு. எனக்கென்னமோ வலது பக்கம் திம்முன்னு இருக்கேன்னு பாத்தா, முந்தின நாள் சாயங்காலம் கிளிப்ப மூடுனவரு தொறக்க மறந்துட்டாரு. 12 மணி நேரம். தொறந்தவொடனே கொடகொடன்னு வந்துச்சு. கேசரி சாப்பிட்டோம், ஆனா நான் அவரு கூட பேசல. அதுக்கப்புறம் நோட்டுல "கிளிப் தொறந்தாச்சு"ன்னு ஒரு கட்டம் போட்டு டிக் அடிக்க வச்சேன், உங்க வீட்லயும் போட்டுக்கோங்க.

ஏழாவது நாள் இடது, பத்தாவது நாள் வலது ட்ரெயின் எடுத்தாங்க. எடுக்கறப்ப உள்ள ஒரு பாம்பு நகர்ந்து போற மாதிரி ஒரு கூச்சம், மூணு செகண்ட், அவ்ளோதான்.

இப்ப ரெண்டாவது பெல்ட்டு, அதாவது பெல்ட்டே இல்ல, ட்ரெஸ்ஸு. ஆன்லைன்ல ஃபோட்டோவுல ஒரு வெள்ளக்காரம்மா போட்டுக்கிட்டு சிரிச்சுக்கிட்டு நிக்கறாங்க, மூணு வரிசை ஹூக்கு, பக்கவாட்டுல ஜிப்பு, தொடை வரைக்கும் வரது, 3400 ரூபா. ஆபரேசனுக்கு முன்னாடி இருந்த அளவ வச்சு எம் சைஸ் ஆர்டர் போட்டேன், அதான் நான் பண்ண தப்பு. ஆபரேசன் முடிஞ்சு வீக்கத்துல இடுப்பு முன்ன இருந்தத விட ரெண்டு இஞ்ச்சு கூடத்தான் இருக்கும், யார்கிட்டயும் சொல்லாதீங்க ஆனா அதான் உண்மை. மல்லாக்க படுக்க வச்சு ரெண்டு பேர் சேர்ந்து இழுத்தும் ரெண்டாவது வரிசை ஹூக்கு கூட எட்டல. இழுக்கறப்ப ட்ரெயின் ட்யூபு மடங்கிக்குச்சு. உள்ளாடைங்கறதால ரிட்டர்ன் கெடையாதுன்னு சின்ன எழுத்துல போட்டிருக்காங்க. கஸ்டமர் கேர்ல பேசுன தம்பி "வீக்கம் கொறஞ்சதும் போட்டுக்கோங்க மேடம்"னாரு, அப்ப கோவம் வந்துச்சு, ஆனா அவரு சொன்னதுதான் சரி. ஆறாவது வாரத்துக்கு மேல இதத்தான் போட்டேன், சுடிதாருக்குள்ள தெரியாது, சுருளாது, வேலைக்கு போறதுக்கு வசதி. ஆனா பாத்ரூம் போறதுக்கு கீழ விட்டிருக்கற ஓட்டை இருக்கே, யார் அளந்து வச்சாங்களோ தெரியல. மொத மாசத்துக்கு 5க்கு 1, ரெண்டாவது மாசத்துக்கு 5க்கு 4. முன்கூட்டி வாங்கவே வாங்காதீங்க, வீக்கம் வடிஞ்சப்புறம் காலைல எந்திரிச்சதும் டேப்பு வச்சு அளந்து வாங்குங்க, சாயங்காலம் அளந்தா வேற சைஸ் வரும்.

சரி நீர் கோத்த கதை. ட்ரெயின் எடுத்து நாலு நாள், எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, நானும் பெரிய இவ மாதிரி குனிஞ்சு சின்னவன் சாக்ஸ எடுக்கறது, குக்கர தூக்கி வைக்கறதுன்னு ஆரம்பிச்சிட்டேன். 14வது நாள் காலைல கட்டில்ல திரும்பிப் படுக்கறேன், வயித்துக்குள்ள களக்குன்னு ஒரு சத்தம். பாதி தண்ணி இருக்கற பாட்டில திருப்புனா வருமே, அது. ஒரு பக்கம் விரலால தட்டுனா அந்தப் பக்கம் அலை போகுது. சும்மா வீக்கம்னா கெட்டியா இருக்கும், அமுக்குனா குழி விழும், இப்படி அலை அடிக்காது. இந்த வித்தியாசத்த மட்டும் ஞாபகம் வச்சுக்கோங்க.

வீட்ல ஆளாளுக்கு வைத்தியம். எங்கத்தை "நான்தான் சொன்னேனே, லோட்டா லோட்டாவா தண்ணி குடிச்சா நீர் கோத்துக்காம என்ன பண்ணும்"னு தண்ணி சொம்ப எடுத்து ஒளிச்சு வச்சிட்டாங்க. கொள்ளு ரசம் வச்சாங்க. எங்கம்மா போன்ல பெல்ட்ட இன்னும் இறுக்கு இன்னும் இறுக்குன்னாங்க. நான் அத கேட்டு இறுக்கி மூச்சு விட முடியாம உக்காந்திருந்தேன். மறுநாள் டாக்டர்கிட்ட போய் இதெல்லாம் சொன்னா சிரிக்கறாரு. குடிக்கற தண்ணிக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லம்மா, தண்ணி நல்லா குடி, முட்டை பருப்பு மீனுன்னு புரதம் நல்லா சாப்பிடு, காயம் ஆறணும்ல, உப்ப மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்கோ, வீக்கத்துக்கு நல்லதுன்னாரு. பெல்ட்டு பத்தி சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம்: பெல்ட்டு நீர் வராம தடுத்துடும்னு நெனைக்காத, தோல் மசில் மேல படிஞ்சு அசையாம இருக்கறதுக்கு ஒரு கை குடுக்குது, நடக்கறப்ப தெம்பா இருக்கும், அவ்ளோதான், அதுக்கு மேல இறுக்குனா தோலுக்கு போற ரத்த ஓட்டம்தான் கொறையும். ரெண்டு விரல் உள்ள போகணும், மூச்சு முழுசா இழுக்க முடியணும், அதான் அளவு.

ஸ்கேன்ல பாத்து ஊசி போட்டு உறிஞ்சி எடுத்தாங்க. பெரிய சிரிஞ்சு, பாத்தாலே மயக்கம் வரும், ஆனா சத்தியமா வலிக்கல, அதான் தோல் மரத்திருக்கே. மரத்துப்போனதுல கிடைச்ச ஒரே லாபம். 120 மில்லி, ஆப்பிள் ஜூஸ் கலர். ரெண்டு சிரிஞ்சு ரொம்பி மூணாவதுல கொஞ்சம். எடுத்து முடிச்சதும் வயிறு காத்து போன பலூன் மாதிரி லேசாயிடுச்சு. நாலு நாள் கழிச்சு திரும்ப 75, அப்புறம் ஒரு வாரம் விட்டு 30, கடைசியா 8 மில்லி, போதும் இனி உடம்பே உறிஞ்சிக்கும்னு விட்டுட்டாங்க. மொத தடவ திரும்ப ரொம்புனப்ப நான் அழுதுட்டேன், எல்லாம் கெட்டுப்போச்சுன்னு. அளவு ஒவ்வொரு தடவையும் கொறைஞ்சுக்கிட்டே வருதான்னு பாரு, திரும்ப வரதே தப்பு இல்லன்னாரு. நெறய பேர் வெக்கப்பட்டுக்கிட்டோ காசுக்கு யோசிச்சோ தானா போயிடும்னு மாசக்கணக்கா விட்டுடறாங்களாம், அப்படி விட்டா தண்ணிய சுத்தி உடம்பு ஒரு பை மாதிரி சவ்வு கட்டிடும், அதுக்கப்புறம் ஊசில எடுத்தாலும் அந்தப் பை திரும்பத் திரும்ப ரொம்பும், திரும்ப வெட்டித்தான் அந்தப் பைய எடுக்கணும். வீட்டுலயே ஊசி குத்தி எடுக்கறேன்னு எவராவது கிளம்புனா தயவுசெஞ்சு தடுத்துடுங்க, கிருமி உள்ள போனா அப்புறம் அது நீர் இல்ல, சீழ்.

மொத தடவ ஊசி போட்டு எடுத்த அன்னிக்கு ஆஸ்பத்திரில இருந்து திரும்பற வழில வாங்குனதுதான் மூணாவது பெல்ட்டு. காந்திபுரத்துல ஒரு பழைய சர்ஜிகல் கடை, கல்லாவுல இருந்த பெரியவர் சீட்ட கூட பாக்கல, "எந்திரிச்சு நில்லும்மா"ன்னு சொல்லி உள்ள இருந்த பொண்ண கூப்பிட்டு டேப்பு குடுத்தாரு. விலாவுக்கு கீழ ஒரு அளவு, தொப்புள்ல ஒண்ணு, இடுப்பெலும்புல ஒண்ணு, அப்புறம் உக்கார வச்சு விலாவுல இருந்து தொடை மடிப்பு வரைக்கும் உயரம். உக்கார வச்சு அளந்த ஒரே ஆள் அவங்கதான். நாலு பட்டை, 12 இஞ்ச்சு, 780 ரூபா. தையலுக்கு கீழ வரைக்கும் வந்து இடுப்பெலும்ப புடிச்சுக்குது, சுருளல. கீழ் வயித்துல எப்பவும் நீர் நிக்கற எடத்துல பஞ்சு பேட ஒரு மடிப்பு மடிச்சு வச்சு அதுக்கு மேல பெல்ட்டு போடச் சொன்னாரு டாக்டர், அந்த எடத்துல தோல் நல்லா படிஞ்சு உக்காந்துச்சு. ஊசி போட்டு எடுத்ததுல கொறஞ்சுதா இந்த பெல்ட்டால கொறஞ்சுதான்னு கேட்டா, முக்கால்வாசி ஊசிதான். ஆனா நடக்கறப்ப வயிறு குலுங்காம இருந்தது இது போட்டப்புறம்தான்.

கொற இல்லாம இல்ல. பின்னாடி முதுகுல இருக்கற நாலு குச்சி குத்தும், ரெண்ட உருவிப் போட்டேன். வெல்க்ரோ ஒரு மாசத்துல பஞ்சு புடிச்சு பிசுபிசுன்னு ஆயிடுது, துவைக்கறப்ப வெல்க்ரோவ ஒட்டி வச்சு கையால துவைச்சு நெழல்ல காயப்போடணும், மெசின்ல போட்டா எலாஸ்டிக் செத்துடும். ராத்திரி அவுத்தா சர்ர்ருன்னு சத்தத்துல வீடே எந்திரிக்கும். வேர்க்கும், நெறய வேர்க்கும், நான் தைல பண்ணேன் தப்பிச்சேன், சித்திரை வைகாசில பண்றவங்கள நெனச்சா பாவமா இருக்கு. நேரா தோல்ல போடாதீங்க, உள்ள பனியன் போட்டு அதுக்கு மேல போடுங்க. அதுக்குன்னு தனியா எதுவும் வாங்க வேணாம், திருப்பூர் காட்டன் பனியன் ஒண்ண, வீட்டுக்காரர் போட்டு நைஞ்சதா பாத்து, உள்பக்கத்த வெளிய திருப்பி போட்டுக்கோங்க, தையல் உறுத்தாது. சுருக்கம் இல்லாம இழுத்து விட்டுட்டு போடணும், அதான் முக்கியம். 5க்கு 4.5. அந்த அரை குச்சிக்கு.

மொத மூணு வாரம் குளிக்கற நேரம் தவிர ராப்பகலா போட்டேன், அப்புறம் ஆறு வாரம் வரைக்கும் பகல்ல மட்டும். உங்க டாக்டர் வேற கணக்கு சொன்னா அதையே கேளுங்க, ஆளுக்கு ஆள் மாறும். முழங்காலுக்கு அடில ரெண்டு தலகாணி வச்சு, முதுக தூக்கி வச்சு, பாதி உக்காந்த மாதிரிதான் தூங்குனேன். நடக்கறத மட்டும் விடக்கூடாது, கால்ல ரத்தம் கட்டிக்கும்னு ரெண்டாவது நாளே கூன் போட்டுக்கிட்டு நடக்க வச்சாங்க. வேலை செய்யறது வேற, நடக்கறது வேற. எனக்கு இது புரியறதுக்குத்தான் 120 மில்லி ஆச்சு.

கமெண்ட்ல சைஸ் கேப்பீங்க, அதனால இப்பவே சொல்லிடறேன். எனக்கு உயரம் 5 அடி 4, ஆபரேசன் முடிஞ்ச மூணாவது வாரம் தொப்புள்ல அளவு 37 இஞ்ச்சு, எல் சைஸ், 12 இஞ்ச்சு உயரம். 5 அடிக்கு கீழ இருக்கறவங்க 12 வாங்குனா உக்காரும்போது மேல் விளிம்பு மார்ல இடிக்கும், கடைல உக்காந்து பாத்துட்டு வாங்குங்க. ரெண்டா வாங்குங்க, ஒண்ண துவைச்சு போட்டா அது காயறதுக்குள்ள பெல்ட்டு இல்லாம உக்காந்திருக்கணும். 9 இஞ்ச் பெல்ட்டு இப்ப எங்கத்தை இடுப்பு வலிக்கு கட்டிக்கிட்டு திரியறாங்க, அவங்க உயரத்துக்கு கச்சிதமா இருக்கு.